மொச்சைக்கு யார் சோறு போட்டது?

செப்டம்பர் 14, ஞாயிறு

நாய்க்குட்டி எப்போது, எங்கே போகிறது என்று எழுதிக்கொண்டே வந்தால் ஓர் ஒழுங்கு பிடிபடுமாம். இதைச் சொல்லிவிட்டு, அவள் அப்பா வேலை பார்க்கும் மஞ்சள் மண்டியில் பொங்கலுக்குக் கொடுத்த டைரியை என் கையில் திணித்துவிட்டு, பிரதீபா சாயங்கால ரயிலில் பெங்களூர் போய்விட்டாள். முதல் வேலை. எங்களுக்கு ஒரே மகள். இத்தனை வருஷம் தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து ஊரார் கடிதத்துக்கெல்லாம் முத்திரை குத்தியவள் நான். கடைசியில் நாய் ஒண்ணுக்குப் போனதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

குட்டி அவளுடைய சிநேகிதி வீட்டுக் கார் ஷெட்டில் பிறந்ததாம். நாட்டு நாய்தான். உடம்பு கறுப்பு, நாலு காலும் வெள்ளை, வயிறு மட்டும் உருண்டை.

"இப்ப எதுக்கு அம்மிணி இது?" என்று கேட்டேன்.

"வீட்ல பேச்சுத் துணைக்கு ஒரு ஆள் வேணுமில்லம்மா."

"எங்களுக்கென்ன பேச்சுத் துணை?"

என்னைப் பார்த்தாள். ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவள் அப்பாவைப் பார்த்தாள். பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

இதை எழுதாவிட்டால் மற்றது எதுவும் புரியாது. ஆடிப்பதினெட்டுக்கு அவருடைய சொந்தபந்தம், ஒறம்பரை எல்லாரும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். விடியற்காலையில் எழுந்து அத்தனை பேருக்கும் நான் ஒருத்தியாகச் சமைத்தேன். அவர் தங்கச்சி புருஷன், "அக்கா வெச்ச கொழம்பு அருமை" என்றார். இவர் உடனே, "நீங்க ஒரு நாளைக்குத் திங்கறீங்க. தெனமும் இவ வெக்கறத நாய் கூடத் திங்காது" என்றார். அத்தனை பேரும் சிரித்தார்கள். நான் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து நான் பேசுவதில்லை. நான் பேசாததால் அவரும் பேசுவதில்லை. சண்டை கிடையாது. சோறு வடிக்கிறேன், சட்டை தேய்த்து வைக்கிறேன், அவரும் காய்கறி வாங்கிவந்து அடுப்படியில் வைக்கிறார். வாய் மட்டும்தான் பூட்டு. அவசரத்துக்கு நடுவில் பிரதீபா இருந்தாள். "உங்கப்பாவச் சாப்பிட வரச் சொல்லு" என்பேன். "உங்கம்மாகிட்ட வண்டிச் சாவி எங்கன்னு கேளு" என்பார். மூன்று பேரும் ஒரே ஹாலில்தான் இருப்போம். உண்மையைச் சொன்னால் நிம்மதியாகத்தான் இருக்கிறது.

இன்றைய நிலவரம்: அடுப்படி வாசலில் ஒன்று. சோபாவுக்கு அடியில் ஒன்று. சாமி அலமாரிக்கு முன்னால் ஒன்று, அதுவும் கொஞ்சம் பெரிய காரியம்.

செப்டம்பர் 15, திங்கள்

பிரதீபா வைத்த பெயர் கோகோ. வாயில் பாக்கைப் போட்டுக்கொண்டு கூப்பிட முடியாத பெயர். நான் மொச்சை என்று வைத்திருக்கிறேன். ஊறவைத்த மொச்சைக்கொட்டை மாதிரி வயிறு.

மாடிப்படியில் அவர் குரல் கேட்டது. "வீரா, வாடா வீரா." ஈரோட்டையே காவல் காக்கப் போகிற சிங்கம் என்று நினைப்பு. அது தன் வாலைக் கண்டே பயப்படுகிறது.

செப்டம்பர் 16, செவ்வாய்

கீழ்வீட்டு ருக்மணியக்கா மேலே வந்தார். வீட்டுக்காரர். நாங்கள் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். நல்ல மனுஷிதான், ஆனால் படிக்கட்டு விஷயத்தில் மட்டும் இரக்கம் கிடையாது. வெள்ளை மொசைக்கை நாளுக்கு இரண்டு முறை துடைப்பார்.

"இங்க பாரு வசந்தாமணி. நாய் வளக்கறத நான் வேண்டாங்கல. தீபாவளி நோம்பிக்கு எம்பட பையன் குடும்பத்தோட வாரான். கைக்கொழந்த இருக்குது. அதுக்குள்ள இதப் பழக்கீருங்க. பழக்க முடியலீன்னா வேற எங்காச்சும் அனுப்பீருங்க. ரெண்டுல ஒண்ணு."

"சரிங்கக்கா" என்றேன். இறங்கிப் போகும்போது ஒவ்வொரு படியாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனார்.

சாயங்காலம் அவர் மண்டியிலிருந்து வந்ததும் மொச்சையைப் பார்த்து உரக்கச் சொன்னேன். "நோம்பிக்குள்ள பழகலீன்னா ஊட்ட விட்டு அனுப்பச் சொல்லீட்டாங்க சாமி. தெரிஞ்சுக்க."

அவர் மொச்சையின் தலையைத் தடவி, "அதெல்லாம் வீரன் பழகிக்குவான்" என்றார். மொச்சை இரண்டு பேரையும் பார்த்துவிட்டு ஹால் நடுவில் ஒண்ணுக்குப் போனது.

செப்டம்பர் 17, புதன்

புரட்டாசி பிறந்தது. இனி ஒரு மாதம் வீட்டில் முட்டை கூடக் கிடையாது. மொச்சைக்கும் தயிர்ச்சோறுதான். ஹாலில் மூன்று முறை.

செப்டம்பர் 19, வெள்ளி

நான் கண்டுபிடித்த முறை இது: மொட்டை மாடியில் பழைய பேப்பரை விரித்து, அதன்மேல் நிறுத்தி, "போ மொச்சை, போ" என்று சொல்வது. போனால் ஒரு பொட்டுக்கடலை. இன்று இரண்டு தரம் போனது. கெட்டிக்காரப் பயல். எனக்கே பெருமையாக இருந்தது. ஆபீசில் போஸ்ட்மேன் தண்டபாணியிடம் சொன்னேன். கடிதம் பிரிக்கிற சார்ட்டிங் முடியட்டும், கேட்கிறேன் என்றார்.

செப்டம்பர் 21, ஞாயிறு

காலையில் அவர் பேப்பரைத் தரையில் விரித்து, கண்ணாடியை மாட்டி, உட்கார்ந்து படிக்கத் தொடங்கினார். மொச்சை ஓடிவந்தது. பேப்பரின் நடுவில் நின்றது. மஞ்சள் விலை நிலவரத்தின்மேல் நிதானமாகக் காரியத்தை முடித்துவிட்டு, பொட்டுக்கடலைக்காக என்னைப் பார்த்தது.

சிரித்துவிடக் கூடாது என்று அடுப்படிக்கு ஓடினேன்.

"டேய் வீரா! பேப்பர்ல போகோணும்னு எவன்டா உனக்குச் சொல்லிக் குடுத்தது?"

நான் உள்ளேயிருந்து மொச்சைக்குத்தான் பதில் சொன்னேன். "எவனும் சொல்லிக் குடுக்கல, எவளோ ஒருத்தி சொல்லிக் குடுத்தான்னு சொல்லு."

அப்புறம் ருக்மணியக்கா சொல்லித்தான் தெரிந்தது. அவர் தினமும் விடியும்போதே அதைக் கீழே, பக்கத்துக் காலி சைட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறாராம். அங்கே அவர் சொல்கிற வார்த்தை, "ம், ஆகட்டும்." மாடி, பேப்பர், "போ மொச்சை" என்று நான். கீழே, புல், "ஆகட்டும் வீரா" என்று அவர். பாவம், அதற்கு இரண்டு ஊர் சட்டம்.

இனிப் பேப்பர் கிடையாது. சைட்டுக்கே போகட்டும். அவர் முறை சரி என்பதற்காக இல்லை. மொட்டை மாடியில் வத்தல் காயப்போட வேண்டும்.

செப்டம்பர் 23, செவ்வாய்

இன்று ரசம்சோற்றில் கொஞ்சம் கத்தரிக்காய்க் கொழம்பும் ஊற்றி, அவர் சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்து, அவர் கண்ணெதிரே மொச்சையின் தட்டை வைத்தேன். நக்கியே தட்டைக் கழுவிவிட்டது. தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

"நல்லா இருந்துச்சா கண்ணு? இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுமா?"

அவர் தலையைத் தூக்கவே இல்லை. காது மட்டும் சிவந்தது. இரண்டாம் தரம் கொழம்பு ஊற்றிக்கொண்டார். இன்றைய நாள் எனக்கு நல்ல நாள்.

ஹாலில் நாலு தடவை. அதைப் பற்றி எழுத மனமில்லை.

செப்டம்பர் 25, வியாழன்

பிரதீபா போனில், "அம்மா, ரெண்டு பேரும் பேசிக்கறீங்களா?" என்று கேட்டாள்.

"பேசாம என்ன? உன் வேலையைப் பாரு."

"அப்பாகிட்டக் குடு."

போனை மொச்சைக்குப் பக்கத்தில் தரையில் வைத்தேன். அவர் வந்து எடுத்துக்கொண்டார்.

செப்டம்பர் 27, சனி

மொச்சைக்கு வயிற்றுப்போக்கு. காலையிலிருந்து துடைத்துத் துடைத்து மாப்பும் கையும் ஒன்றாகிவிட்டது. கோபத்தில், "உன்னத் தொடச்சே எங் கை தேஞ்சு போச்சு. எங்காச்சும் போய்த் தொலையேன்" என்று கத்தினேன். அவர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் மிருக ஆஸ்பத்திரி. நான் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவர் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். டாக்டர் சின்னப் பெண். முகத்தில் சிரிப்பே கிடையாது.

"யார் சாப்பாடு போடறீங்க?"

"நாந்தாங்க" என்று இரண்டு பேரும் சொன்னோம்.

டாக்டர் பேனாவை எடுத்தார். நான் சொன்னேன். காலையில் எழுந்ததும் பால். மத்தியானம் ஆபீசிலிருந்து வந்து தயிர்ச்சோறு. ராத்திரி ரசம்சோறு.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். விடியும்போது பால். மத்தியானம் மண்டியிலிருந்து வந்து, பாவம் பட்டினி கிடக்குமே என்று தயிர்ச்சோறு. பொழுது சாய்ந்ததும் டீக்கடையில் வாங்கிய அவிச்ச முட்டை இரண்டு.

முட்டை! புரட்டாசியில்!

டாக்டர் பேனாவை மூடினார். "ஒரு நாய்க்கு ரெண்டு நாய்ச் சாப்பாடு. அப்பறம் அது ரெண்டு நாய் மாதிரித்தான் போகும். ஏனுங்க, நீங்க ரெண்டு பேரும் ஒரே வீட்லதான இருக்கறீங்க? ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்க மாட்டீங்களா?"

சுவரில் பசு மாட்டுப் படம் ஒன்று மாட்டியிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். மொச்சை என் கைவிரலை நக்கியது. அது ஆஸ்பத்திரியில் இருந்த அத்தனை நேரமும் நல்ல பிள்ளையாக இருந்தது. திட்டு வாங்கியது நாங்கள்தான்.

செப்டம்பர் 28, ஞாயிறு

புது ஏற்பாடு. யாரும் உட்கார்ந்து பேசி வைத்ததில்லை. தானாக வந்தது.

காலையில் அவர் அடுப்படி வாசலில் நின்று மொச்சையிடம், "உனக்குப் பால் ஊத்தியாச்சு, கீழ போய்ட்டும் வந்தாச்சு, சரியா?" என்றார். மத்தியானம் நான் அதனிடம், "சோறு தின்னுட்டு மறுபடியும் வந்து பசிக்குதுன்னு நடிக்கக் கூடாது" என்றேன். முட்டை நின்றது. அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. சட்டைப்பையில் முட்டை வாசம் இல்லை, அதனால் தெரிந்தது.

ஹாலில் ஒன்றே ஒன்று!

செப்டம்பர் 30, செவ்வாய்

ஒன்றுமில்லை. மொசைக் காய்ந்து கிடக்கிறது. சாயங்காலம் அவர் மொச்சையிடம், "நாளைக்கு ஆயுத பூஜ, மண்டிக்கு வெள்ளெனப் போகோணும்" என்று சொன்னார். அதற்கு அப்புறமும் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார். வேறு ஏதோ சொல்ல வந்தவர் மாதிரி இருந்தது. நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். போய்விட்டார்.

வெங்காயத்துக்குத்தான் கண் கலங்கியது.

அக்டோபர் 1, புதன்

கெட்ட நாள்.

அவர் பூஜைக்கு மண்டிக்குப் போகும் அவசரத்தில் மொச்சையைக் கீழே கூட்டிப் போகவில்லை. நான் கூட்டிப் போவேன் என்று நினைத்திருக்கிறார். அவர் வழக்கம்போலப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டு, நான் பொரியும் வாழைக்கன்றும் வாங்கக் கடைக்குப் போனேன். கதவைச் சரியாகச் சாத்தவில்லை.

ருக்மணியக்கா படிக்கட்டுக்கு அடியில் தையல் மிஷினைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை படைத்திருந்தார். மொச்சை பாவம் அடக்கிக்கொண்டு அவ்வளவு படியும் இறங்கியிருக்கிறது. கேட் சாத்தியிருந்தது. மிஷினுக்குப் பக்கத்திலேயே காரியத்தை முடித்துவிட்டது.

திரும்பி வரும்போது அக்கா துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தார். கத்தவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாகப் போய்விட்டது.

"நோம்பிக்கு முன்னாடி அனுப்பீருங்க வசந்தாமணி."

"அவரு என்ன சொல்றாரோ கேட்டுக்கறனுங்கக்கா" என்றேன். எப்படிக் கேட்பேன் என்று எனக்கே தெரியவில்லை.

அக்டோபர் 3, வெள்ளி

அக்கா அவரிடமும் சொல்லியிருக்கிறார். இன்று பால்கனியில் அவர் போனில் பேசுவது கேட்டது. காங்கயம் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிற அவருடைய சித்தப்பா மகன் மயில்சாமியோடு.

"பதினெட்டாந் தேதி லோடு எடுத்துட்டு வருவீல்ல? அப்ப வந்து கூட்டிட்டுப் போய்க்க. ஆமா... அவளுக்கும் தொந்தரவுதான். தொடச்சே கை தேஞ்சு போச்சு."

முடிவு பண்ணிவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. மொச்சையிடம் கூடச் சொல்லவில்லை. நல்லது, அனுப்பட்டும். எனக்கென்ன? ஒரு வேலை மிச்சம். பண்ணையில் சங்கிலியில் கட்டித்தான் போடுவார்கள். நாய் என்றால் கட்டத்தான் செய்வார்கள்.

அக்டோபர் 9, வியாழன்

கொடுமையைக் கேளுங்கள். பழகிவிட்டது. இந்த வாரம் முழுக்க வீட்டுக்குள் ஒரு சொட்டு இல்லை. ஒண்ணுக்கு வந்தால் கதவுக்குப் போய் உட்கார்ந்து, மூக்கால் மெல்லிசாக ஒரு முனகல். கீழே போய் முடித்ததும் காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு ஓடிவருகிறது. மொச்சை என்றாலும் வருகிறது, வீரா என்றாலும் வருகிறது.

ருக்மணியக்காவிடம் சொல்லிப் பார்க்கலாமா என்று பாதிப் படி வரை இறங்கினேன். இவரே அனுப்புவது என்று முடிவு பண்ணின பிறகு நான் போய் எந்த முகத்தோடு கெஞ்சுவது? திரும்பி ஏறிவிட்டேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

பிரதீபாவுக்கு இன்னும் சொல்லவில்லை. நோம்பிக்கு வரும்போது கோகோவுக்குக் கழுத்துப் பட்டை வாங்கி வருகிறாளாம். என்ன நிறம் வேண்டும் என்று கேட்டாள். சிவப்பு என்று சொல்லிவிட்டேன்.

அவர் இன்று மொச்சையை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உண்ணி பார்த்தார். அதன் மேல் ஓர் உண்ணி கிடையாது.

அக்டோபர் 15, புதன்

பலகாரத்துக்கு மாவு அரைத்தேன். வேறொன்றும் இல்லை.

அக்டோபர் 18, சனி

முதலில் இருந்து எழுதுகிறேன்.

மத்தியானம் வண்டி வந்தது. புரட்டாசி நேற்றோடு முடிந்ததால் மயில்சாமிக்கு ஏக வியாபாரம். கோழிகளைக் கடைகளில் இறக்கிவிட்டு, காலிக் கூண்டுகளோடு வந்திருந்தார். நான் மொச்சையின் தட்டையும், அது கடித்து வைத்திருந்த என் பழைய செருப்பு ஒன்றையும் பையில் போட்டுக்கொண்டு கீழே போனேன். அவர் மொச்சையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"அண்ணி, மனசாரத்தான குடுக்கறீங்க?" என்று மயில்சாமி கேட்டார்.

"உங்கண்ணனக் கேளுங்க."

"ஏனுங்ணா, மனசாரத்தான?"

"உங்க அண்ணியக் கேளு."

மயில்சாமி இந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்தார், அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். "அப்ப ரெண்டு பேருத்துக்கும் சம்மதந்தான்" என்று அவரே முடிவு பண்ணி, குட்டியை வாங்கிக் கூண்டுக்குள் விட்டுக் கொக்கியைப் போட்டார்.

அவர் தன் சட்டைப் பித்தானைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வண்டி கிளம்பி நாலடி நகர்ந்தது.

அப்போது மொச்சை முனகியது. பயந்து போட்ட சத்தம் இல்லை. கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போடுமே, அந்த முனகல். வண்டியில் கோழி எச்சத்துக்கு நடுவில் நின்றுகொண்டு, இங்கே போகக் கூடாது என்று அடக்கிக்கொண்டு, எங்களிடம் கேட்கிறது. யாரைப் பார்த்துக் கேட்பது என்று தெரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கிறது.

"ஏனுங்க!" என்று கத்தினேன். "அவனுக்கு ஒண்ணுக்கு வருதுங்க! எறக்குங்க!"

ஆடிக்கு அப்புறம் அவரிடம் நான் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"வண்டிய நிறுத்துடா மயிலு!" என்று அவர் ஓடினார். வயசுக்கு அந்த ஓட்டம் அதிகம். கொக்கியை எடுத்து, தூக்கி, சைட்டுப் புல்லில் விட்டார். மொச்சை ரொம்ப நேரம் போனது. மூன்று பேரும் மரியாதையாகக் காத்துக்கொண்டு நின்றோம்.

"ஆச்சுங்ணா. ஏத்தட்டுங்களா?" என்றார் மயில்சாமி.

அவர் என் பக்கம் திரும்பினார். என்னைத்தான் பார்த்தார், மொச்சையை இல்லை.

"ஏத்தட்டுமா வசந்தி?"

"ஏத்தித்தான் பாருங்களே."

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. உனக்குப் பிரியம் இருந்தால் முதலிலேயே சொல்ல வாய் இல்லையா என்றார். போனில் நாள் குறித்தவர் யார் என்றேன். கை தேய்ந்துபோச்சு, எங்கேயாவது போய்த் தொலை என்று கத்தியது யார், உனக்குக் கஷ்டம் என்றுதானே அவனைக் கூப்பிட்டேன் என்றார். நான் சொன்னது நாயிடம், உங்களிடம் இல்லை என்றேன். நீ என்னிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் நாயிடம்தானே சொல்லிக்கொண்டிருந்தாய், எது யாருக்கு என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது என்றார். அதில் நியாயம் இருந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை.

மயில்சாமி எப்போது போனார் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. சண்டையோடேயே மேலே ஏறி வந்தோம். அங்கேதான் அந்தக் கொழம்புப் பேச்சு வந்தது.

"அத்தன ஒறம்பரைக்கு முன்னாடி அந்த வார்த்தய எப்படிச் சொல்லுவீங்க? நெஞ்சில குத்தின மாதிரி இருந்துச்சு. கல்யாணமான நாள்ல இருந்து வடிச்சுக் கொட்டறேன்."

"சிரிக்கட்டுமேன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. நீ சிரிக்கல. அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு, தப்பாச் சொல்லீட்டம்னு."

"தெரிஞ்சுதுல்ல? சொல்றதுக்கென்ன?"

"நீ பேசுனாத்தான சொல்றது!"

"நீங்க சொன்னாத்தான பேசறது!"

அவர் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தப்புத்தான் வசந்தி. ஊட்ல சத்தமே இல்லாம இருந்தது என்னால முடியல" என்றார். எனக்கும் முடியவில்லை. நிம்மதி என்று இதில் எழுதியது வெறும் வீம்பு. அதை அவரிடமே சொன்னேன், அழுதுகொண்டே.

அப்புறம் இரண்டு பேரும் ஒன்றாகக் கீழே போனோம். ருக்மணியக்காவிடம் அவர் பாதி சொன்னார், மீதி நான் சொன்னேன். பழகிவிட்டது, வேண்டுமானால் வந்து பாருங்கள் என்றோம். அக்கா மடியில் கையைக் கோத்துக்கொண்டு கேட்டார்.

"இத ரெண்டு பேருஞ் சேந்து அன்னைக்கே வந்து கேட்டிருந்தா நான் என்ன மாட்டேன்னா சொல்லப்போறேன்? இவர வந்து கேட்டா உன்னக் கேளுங்கறாரு, உன்னக் கேட்டா இவரக் கேளுங்கற. வேண்டாத பண்டமாட்டம் இருக்குதேன்னுதான் போகட்டும்னு உட்டுட்டேன். தைப் பொங்கல் வரைக்கும் பாக்கறேன். படியில மட்டும் பட்டுதோ..." என்று விரலைக் காட்டினார்.

"ஆனா, மேல இப்பப் போட்ட சத்தம் வீதி முச்சூடும் கேட்டுச்சு. அதயும் கொஞ்சங் கொறச்சுக்கங்க" என்றார். வாசலுக்கு வந்து வழியனுப்பும்போது சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

அதிரசம் பிய்ந்துவிட்டது. பாகு பதம் தவறியது என்கிறார். வாயை மூடிக்கொண்டு பேப்பர் படியுங்கள் என்றேன். முழுநாளும் ஏதாவது ஒன்றுக்குச் சண்டை. தொண்டை கட்டிவிட்டது.

ஹாலில் ஒன்றும் இல்லை.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

விடிந்தும் விடியாமலும் எண்ணெய் தேய்க்க மணையைப் போட்டேன். இவருக்குச் சுடுதண்ணீர் இன்னும் காயவில்லையாம். அடுப்பைப் பார்த்துக்கொள்ளாமல் நாயோடு விளையாடிக்கொண்டிருந்தால் எப்படிக் காயும் என்றேன். நாயை வெடிச் சத்தத்துக்குப் பயப்படாமல் நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன், அது விளையாட்டா என்றார். அதற்குப் பெயர் வீரன், வெடிக்கு எதற்குப் பயப்பட வேண்டும் என்றேன். மொச்சை என்று பெயர் வைத்தால் வெடிக்கு மட்டுமா, கரண்டிக்கும்தான் பயப்படும் என்றார். இப்படியே போய்க்கொண்டிருந்தது.

நடுவில் மொச்சை கதவுக்குப் போய் முனகியது.

"ஏனுங்க, கதவத் தொறங்க."

"எண்ணெய்க் கையி. நீ தொற."

நான் போய்த் திறந்தேன். மொச்சை பாய்ந்து வெளியே போனது.

மேல்படியில் பிரதீபா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பை, கையில் சிவப்புக் கழுத்துப் பட்டை. மொச்சை அவளை மோந்துகூடப் பார்க்காமல் தாண்டி, ஒரு படியையும் அசுத்தம் பண்ணாமல் இறங்கி, கேட் பக்கம் ஓடியது. இவர் எண்ணெய்க் கையோடு அதன் பின்னால் ஓடினார்.

"எப்ப கண்ணு வந்த?"

"ரொம்ப நேரமாச்சும்மா."

"பெல் அடிக்கறதுக்கென்ன? பனியில உக்காந்துட்டு இருக்கற?"

கன்னம் நனைந்திருந்தது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை, சிரித்துக்கொண்டே இருந்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டுட்டு இருந்தீங்க" என்றாள். "கேட்டுட்டு இருந்தேன்."